நடந்து போகும் தூரத்தில் ஒரு கூட்டம்

குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டு எனக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் என் அண்ணனைப் பற்றி நான் ஒளிவுமறைவில்லாமல் பேசியதுதான் தொடக்கம். அந்தப் பேச்சு வாய்வழியாகப் பரவி, இப்போது முகம் தெரியாத பெண்கள்கூட என் எண்ணை வாங்கிப் பேசுகிறார்கள். பேசுபவர் மனைவியாக இருப்பார், அல்லது அம்மாவாக. சில சமயம் கல்லூரியில் படிக்கிற மகள். "நல்ல மறுவாழ்வு மையம் எது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பது அடுத்த கேள்வி. வெளியே தெரியாமல் இருக்குமா என்பது அதற்கும் அடுத்தது.

நான் திருப்பி ஒன்றைக் கேட்பேன். மையத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் எங்கே போவார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சிகிச்சை எதுவும் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. பதில் கிடைத்த பிறகுதான் அண்ணன் மீண்டார். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வாரத்தில் சில மாலைகள் குடிநோயாளிகளே தங்களுக்குள் கூடுகிற ஓர் ஏஏ குழு அந்தப் பதில். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரை எங்கள் பக்கம் யாரும் முழுதாகச் சொல்வதில்லை, ஏஏ கூட்டம்தான். அண்ணன் இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்தார். தன் பெயரும் குழுவின் இடமும் வராமல் வெளியிடச் சம்மதித்தார்.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எங்கள் குடும்பம் போன வழிகளை நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் போயிருக்கும். குலசாமி கோயிலில் சத்தியம் வாங்கினோம். கயிறு மந்திரித்துக் கட்டினோம். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு சித்தப்பா பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடு, தானாகவே வெறுத்துவிடுவான்" என்று மதினியிடம் கொடுத்தார். மதினி அதைச் சோற்றில் கலக்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தன் தோழியிடம் கொண்டுபோய்க் காட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, கொடுக்காதே என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

இந்தப் பொட்டல விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடிக்கு எதிராக டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் டைசல்ஃபிரம் என்று ஒன்று உண்டு. உடலுக்குள் மது உடையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு மேற்கொண்டு சிதையாமல் அது தடுத்துவிடும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தோடு, இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பிறகு கொடுக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கப்படும் பொடியில் இது இருக்கிறதா, வேறு எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் வழக்கம்போல் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். அன்பினால் கொடுக்கிறோம் என்பது அவர் உடம்புக்குத் தெரியாது.

பிறகு ஒரு தனியார் மையம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டாரைப் பல வாரங்கள் பார்க்க விடவில்லை. திரும்பி வந்த அண்ணன் மெலிந்திருந்தார், குடிக்கவில்லை, பேசவும் இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் கூட்டத்தில்தான் சொன்னார், எங்களிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மையங்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. மையம் தேடும் குடும்பங்கள் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காட்டத் தயங்குகிற இடத்தின் வாசலிலிருந்தே திரும்பிவிடலாம்.

மையத்திலிருந்து வந்தவருக்குப் பழைய தெரு, பழைய நண்பர்கள், பழைய ஆறரை மணி. எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் அண்ணனால் குடிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் கண்ணெதிரே ஆண்டுதோறும் ஒரு சாட்சி இருந்தது. கார்த்திகை பிறந்தால் மாலை போடுவார். 41 நாள் ஒரு சொட்டுகூடத் தொட மாட்டார். "ஐயப்பனுக்குப் பயப்படுகிறான், எங்களுக்குப் பயப்பட மாட்டேன் என்கிறான்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழையபடி ஆகிவிடும். இதை ஊரே கிண்டலாகப் பேசும். எனக்கும் அது வெறும் பக்தி, வெறும் பயம் என்றுதான் தோன்றியது.

ஏஏ கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அந்த 41 நாளில் என்ன இருந்தது என்று யோசித்தேன். விடியற்காலையில் எழுப்ப ஆள் இருந்தது. குருசாமி என்று ஒருவர் இருந்தார்; அவர் முன்பு இதே பாதையில் பலமுறை போனவர். சாயங்காலம் குடிக்கிற நேரத்தில் ஒரு வீட்டில் பஜனை இருந்தது. பெரிய கடை முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒருவரையொருவர் சாமி என்று அழைத்துக்கொண்டார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். பழைய நண்பர்கள் கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் தாங்களாகவே விலகி நின்றார்கள். அண்ணனைப் பாதுகாத்தது அந்தக் கூட்டம். 42ஆம் நாள் அது கலைந்துவிட்டது. ஆண்டு முழுக்கக் கலையாத ஒரு கூட்டம் அவருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தேடுவதற்கு முன் ஒரு விஷயம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறவர் வீட்டார் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு மனம் குழம்பும். இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று எண்ணிக் கோயிலுக்கு இழுத்துப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தான நிலை அது. தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளைப் பாதிப்பைத் தூண்டக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே சேர்த்துக் குடியின் பிடி உடம்பிலிருந்து இறங்குவதற்கு மருந்து கொடுப்பார்கள். அண்ணனுக்கும் அரசு மருத்துவமனையில்தான் அது நடந்தது. அங்கே ஓர் இளம் சமூகப் பணியாளர், வெளியே போகும்போது சீட்டின் பின்புறம் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி மதினியிடம் கொடுத்தார். கூட்டத்தின் எண் அது.

இப்படிச் சீட்டின் பின்புறத்தில்தான் பலருக்கும் அது கிடைக்கிறது. ஏஏ தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. உறுப்பினர்களின் முகமும் முழுப்பெயரும் வெளியே வருவதில்லை. பெரிய ஊர்களில் ஏதாவதொரு தேவாலயக் கூடம், பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் பக்கவாட்டு அறை என்று எங்காவது நடந்துகொண்டிருக்கும்; இரண்டு தெரு தள்ளியிருப்பவருக்குத் தெரியாது. தேடுகிறவர்கள் மனநல மருத்துவரிடமோ செவிலியரிடமோ வெட்கப்படாமல் கேட்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். ஏஏ அமைப்பின் இந்தியத் தளத்தில் குழுக்களின் விவரம் கிடைக்கும். எங்கே கேட்டாலும், "இந்தக் கூட்டம் இப்போதும் நடக்கிறதா, எந்த மொழியில் பேசுவார்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுக்கள் இடம் மாறும், நாள் மாறும். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்துக்கு ஒரு கொத்தனாரை அனுப்பி வைத்தால் அவர் மறுபடி போக மாட்டார். தன் வாழ்க்கையை உடைத்துச் சொல்ல ஒருவருக்குத் தாய்மொழி வேண்டும்.

மதினி அந்த எண்ணை அழைத்தார். எதிர்முனையில் வயதான ஆண் குரல். "பேசுவது குடிக்கிறவரா, வீட்டாளா?" என்று கேட்டார். வீட்டாள் என்றதும், "அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அவர் விருப்பப்பட்டால்தான் நாங்கள் வருவோம். ஒரு தடவை அவரிடமே போனைக் கொடுங்கள்" என்றார். அண்ணன் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நெடுநேரம் மறுமுனைதான் பேசியது. அன்று அந்தப் பெரியவர் தன்னுடைய கதையைத்தான் சொன்னாராம். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லையாம். மறுநாள் மாலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மற்றவர் லாரி ஓட்டுகிறவர். மதினி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு அண்ணனை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏஏ பிறந்த கதையும் இதுதான். 1935 மே மாதம் பில் என்கிற நியூயார்க் பங்குத் தரகர், வியாபாரத்துக்காகப் போய், அது தோற்று, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. அங்கே மாட்டியிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். இந்த ஊரில் குடியோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். விசாரித்து விசாரித்து ஒரு பெண்மணி வழியாகப் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். பதினைந்து நிமிடம் மட்டும் என்று சொல்லி வந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. பில் அன்று தேடியது மருத்துவமனையை அல்ல. தெரியாத ஊரில், அந்தச் சாயங்காலத்தில், தன்னைப் போல இன்னொருவர் வேண்டியிருந்தது. 1957இல் மும்பை வழியாக ஏஏ இந்தியாவில் கால் ஊன்றியதும் இப்படி ஆளுக்கு ஆள் பேசித்தான்.

எங்கள் பக்கத்தில் கூட்டம் தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில் நடக்கிறது என்றதும் வீட்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று சித்தப்பா கேட்டார். நியாயமான பயம்தான், பதில் சொல்லிவிட வேண்டும். தேவாலயம் அறையைக் கொடுக்கிறது, அவ்வளவே. குழு அதற்கு ஒரு சிறு வாடகை தருகிறது. கூட்டத்தில் கடவுள் என்ற சொல் வரும்; ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் வரும். அண்ணன் குழுவில் விபூதி பூசியவர் உண்டு, தொழுகை முடித்து வருகிறவர் உண்டு, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் உண்டு. தனக்கு மேலான சக்தி இந்தக் கூட்டம்தான் என்று அவர் சொல்வார், யாரும் மறுப்பதில்லை. இதற்குப் பிறகும் கடவுள் பேச்சு உறுத்துகிறவர்கள் மருத்துவமனைகள் நடத்தும் குழு ஆலோசனைகளுக்குப் போகலாம். அதுவும் கூட்டம்தான்.

வீட்டாரும் வரலாம் என்று திறந்து வைக்கும் கூட்டம் ஒன்றுக்கு மதினியும் நானும் போனோம். குடித்தவர்கள் மட்டும் இருக்கும் மூடிய கூட்டத்துக்கு எங்களுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. குழல் விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகள் சுவரில் தமிழில், ஓரத்தில் டீ. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொன்னார், நான் ஒரு குடிநோயாளி என்றார். எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொன்னார்கள். மகளின் காது குத்தும் பணத்தைக் குடித்த கதையை அவர் சொன்னார். யாரும் உச்சுக் கொட்டவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. அடுத்தவர் எழுந்து, தன் கதையைச் சொன்னார். எங்கள் வீட்டில் அத்தனை ஆண்டுகளாக அண்ணனுக்குக் கிடைத்ததெல்லாம் அறிவுரைதான். கேட்டுக்கொள்ளும் காது அன்றுதான் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது.

அங்கே நான் கவனித்த இன்னொன்று என்னை அதிகம் அசைத்தது. எங்கள் மாவட்டத்தில் ஒருவரிடம் பெயரும் ஊரும் தெருவும் கேட்டால் போதும், சாதி தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தில் அதைக் கட்டிக்கொண்டு திரிந்த ஊர்கள் இவை. அந்த அறையில் யாரும் தெருவைக் கேட்கவில்லை. பெயர் மட்டும். தந்தை பெயர் இல்லை, பட்டம் இல்லை, பதவி இல்லை. அந்த வங்கி ஊழியரின் டம்ளரை லாரி ஓட்டுநர் கழுவினார். அடுத்த வாரம் ஓட்டுநரின் டம்ளரை வங்கி ஊழியர் கழுவினாராம், டீ முறை அவருடையது என்பதால். மானம் காப்பதற்காக ஏற்பட்ட பெயர் மறைப்பு எங்கள் ஊரில் வேறொன்றையும் செய்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அப்படி ஒரு மணி நேரம் எங்கள் ஊரில் நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் பணத்தை வாங்க மாட்டார்கள். மதினி நூறு ரூபாயை எடுத்தபோது, "இது எங்கள் செலவு, அம்மா" என்று பையை நகர்த்திவிட்டார்கள். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்திவிட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இது வேலை செய்கிறதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் குடியை முழுதாக விட்டிருந்தவர்கள், ஏஏ வழியில் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். இதை மந்திரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நூற்றில் 58 பேர் ஓராண்டுக்குள் எங்கோ சறுக்குகிறார்கள் என்பதும் இதே கணக்குத்தான்.

அண்ணனும் சறுக்கினார். ஒரு நண்பரின் மரணத்துக்குப் போன இடத்தில், இழவு வீட்டுக்கு வெளியே. முன்பு இப்படி நடந்தால் பல வாரம் போகும். இந்த முறை மறுநாள் மாலை அந்த லாரி ஓட்டுநர் வந்து வாசலில் நின்றார். ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. "கூட்டத்துக்கு நேரமாகிறது" என்றார். அண்ணன் போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, இன்று எனக்கு முதல் நாள் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டாராகிய எங்களால் கை தட்டியிருக்க முடியுமா? மதினியால் முடிந்திருக்காது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். அதனால்தான் வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்கிறேன். அதுவும் மறுநாளே வாசலுக்கு வந்து நிற்கும் தூரத்தில். சென்னையில் இருக்கும் எவ்வளவு சிறந்த மருத்துவரும் எங்கள் தெருவுக்கு அன்று மாலை வந்திருக்க முடியாது.

சென்னையைக் குறைத்துச் சொல்லவில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அங்கே தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடியை நோயாகப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த இடம். அவரே சென்னையோடு நிற்கவில்லை. மஞ்சக்குடி போன்ற கிராமத்தில் முகாம் போட்டு, அந்த ஊர் மக்களையே துணைக்கு வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். நோயாளி திரும்பிப் போக வேண்டிய ஊரிலேயே தொடங்குவது எவ்வளவு சரியான யோசனை!

மதினிக்கும் ஒரு கூட்டம் கிடைத்தது. அல்-அனான் என்று பெயர், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கியது. இது எங்கள் ஊரில் இல்லை. பஸ் பிடித்துப் போக வேண்டும். முதல் தடவை போய் வந்து மதினி சொன்னது: "அவர் பாட்டிலை எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவதை நான் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும், இன்றுதான் நிறுத்தினேன்." அவர் குடித்தது மதினியால் அல்ல, மதினியால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்பதை அங்கே உட்கார்ந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். "உன் ராசி, நீ வந்த நேரம்" என்று கேட்டே பழகிய பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட விடுதலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் அடி விழுகிறது என்றால் கூட்டம் மட்டும் போதாது. 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். அவர் திருந்தும்வரை உடம்பைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

குடிக்கும் பெண்களுக்கு இந்த வழிகூட எளிதில் திறப்பதில்லை. ஆண்கள் மட்டும் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்வதற்கு நம் சிற்றூர்களில் எவ்வளவு துணிவு வேண்டும்! என்னிடம் பேசியவர்களில் தனக்காகக் கேட்ட பெண்ணும் உண்டு. அவருக்கு மனநல மருத்துவரையும் தொலைபேசி, இணைய வழியில் நடக்கும் பெண்கள் கூட்டத்தைத் தேடும் வழியையும்தான் சொல்ல முடிந்தது. நடந்து போகும் தூரத்தில் அவருக்கு எதுவும் இல்லை. இந்த இடைவெளி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏஏ அமைப்புக்கு மதுக்கடை பற்றியோ மதுவிலக்கு பற்றியோ கருத்து கிடையாது. வெளி விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது அவர்களின் மரபு. எனக்குக் கருத்து இருக்கிறது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறார்கள். நாள்தோறும் பத்து மணி நேரம். 2023-24இல் மட்டும் அரசுக்கு இதனால் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். மறுபக்கத்தைப் பார்ப்போம். சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. வீட்டிலிருந்து கடைக்கு வழி எல்லோருக்கும் தெரிகிறது. கூட்டத்துக்கு வழி கேட்டு என்னைப் போன்றவர்களைத் தேடி அழைக்க வேண்டியிருக்கிறது. பாட்டிலின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட இடம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் 14446 என்று ஐந்து எண்களைப் பெரிதாகப் போடுவதில் என்ன தடை? கடையின் சுவரில் போடலாம். வெறுங்கையோடு காலையில் கடை வாசலில் காத்திருக்கும் ஆட்கள்தாம் அந்த எண் தேவைப்படுகிறவர்கள்.

பணம் வேண்டாம், இடம் வேண்டும் என்று குழுக்காரர்கள் சொல்கிறார்கள். தேவாலயங்கள் கொடுக்கின்றன, நன்றி. கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல் கூடங்களும் நூலகங்களும் சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகளும் எத்தனை இருக்கின்றன! வாரத்துக்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஒரு விளக்கு, இருபது நாற்காலி. பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும் காரியம்.

உங்கள் ஊரில் கூட்டமே இல்லை என்று தெரியவந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று குடிநோயாளிகள் நிதானத்துக்காகக் கூடினால் அதையே ஒரு குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏஏ மரபு. பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஆள் வந்து தொடங்கிவைப்பார்கள். அண்ணன் குழுவில் ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். இரவு கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று கூட்டத்தின் பாதியிலேயே எழுந்து போவார். அவர் ஊரில் ஒரு நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய அறையைக் கேட்டு வாங்கி, இப்போது புதன்கிழமைகளில் கூடுகிறார்கள். வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். அறையைக் கொடுத்தவர்கள் அடுத்த தைக்குள் காலி செய்யச் சொல்லியிருப்பதால் அண்ணனும் அவரும் வேறு இடம் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாரிடமாவது புதன்கிழமை மாலையில் பூட்டிக் கிடக்கும் அறை இருந்தால் சொல்லுங்கள்.